கல்சுபாய்க்கு மேலே ஒரு பூண்டுக் காடு

டோம்பிவிலியில் மலை என்று பேச்செடுத்தால் மாத்தேரான், லோனாவ்லா, மிஞ்சிப் போனால் மகாபலேஷ்வர். இளவட்டங்களுக்கு மட்டும் இன்னொரு பெயர் உண்டு, கல்சுபாய். சனிக்கிழமை ராத்திரி கசாரா லோக்கலில் முதுகுப்பையும் டார்ச் லைட்டுமாக ஒரு கூட்டம் ஏறும். கசாராவில் இறங்கி, ஜீப் பிடித்து பாரி கிராமம் போய், இருட்டோடு இரும்பு ஏணிகளில் ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் கால் வீங்கித் திரும்பி வரும். எங்கள் பில்டிங்கிலேயே ரெண்டு பையன்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. மகாராஷ்டிராவின் உச்சந்தலை அதுதான், 1,646 மீட்டர். அதற்கு மேல் இந்த மாநிலத்தில் நிற்க இடம் கிடையாது.

அந்தப் பையன்களிடம் ஒருநாள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சொன்னேன். "எங்க ஊர்ப் பக்கம் ஒரு கிராமம் இருக்கு. அங்க பாட்டிங்க வாசல்ல உக்காந்து பூண்டு ஆய்ஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அந்த வாசப்படியே உங்க கல்சுபாயைவிட உசரம்." நம்பவில்லை. போனை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சச்முச்!" என்றான் ஒருத்தன்.

பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். பழனி மலைத் தொடரின் மேல்மலை என்று சொல்கிற பகுதி. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டரை ஒட்டிய உயரம். பிள்ளைகள் புத்தகப்பையோடு பள்ளிக்கூடம் போவதும், ரேஷன் கடையில் ஆட்கள் வரிசையில் நிற்பதும் அந்த உயரத்தில்தான். அங்கே யாருக்கும் அது ஒரு சாகசமாகத் தெரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது வத்தலக்குண்டு பக்கம், அதாவது மலையின் அடிவாரம். அடிவாரத்துக்காரர்கள் மலைக்குப் போக மாட்டார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். மலைதான் எங்களிடம் வரும். கேரட்டாக, முட்டைக்கோஸாக, பிளம்ஸாக, பேரிக்காயாக லாரியில் இறங்கும். பூண்டு மட்டும் தாளோடு கட்டுக் கட்டாக வரும். அம்மா அதைப் பரணுக்குக் கீழே, அடுப்புப் புகை படுகிற இடத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவாள். புள்ளை பெற்ற வீட்டுக்கு லேகியம் கிண்ட வேண்டுமென்றால் அந்தக் கட்டிலிருந்துதான் பிய்த்துக் கொடுப்பாள், சந்தையில் உதிரியாக வாங்கியதைத் தர மாட்டாள். மலைப்பூண்டு எங்கே விளைகிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைப் பார்த்தது என்னவோ கல்யாணமாகி டோம்பிவிலிக்கு வந்து, தலை நரைத்த பிறகுதான்.

போகிற வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கல்யாண் ஸ்டேஷனில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடித்து, ஒரு முழுப் பகலும் சில்லறையும் கழித்துத் திண்டுக்கல்லில் இறங்கினோம். அங்கிருந்து வத்தலக்குண்டு, அப்புறம் மலைப்பாதை.  அந்தக் காட் ரோடு போடுவதற்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார்களே டோலியிலும் குதிரையிலும்தான் ஏறியிருக்கிறார்கள். 1821-இல் வார்டு என்கிற சர்வே அதிகாரி முதன்முதலாக ஏறியது பெரியகுளம் பக்கத்தில் வெள்ளகவி வழியாக. வெள்ளகவி பழைய குதிரைப் பாதையில் இருக்கிற ஊர், ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை, இப்போது வேண்டாம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அடிவாரத்துக்கும் பூம்பாறைக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். பஸ் ஜன்னலைச் சாத்துவது எந்தக் கொண்டை ஊசி வளைவில் தொடங்குகிறது என்று கவனித்தாலே இதை அளந்துவிடலாம், தெர்மாமீட்டர் வேண்டாம். டோம்பிவிலியில் பதினெட்டு டிகிரிக்கு இறங்கினால் நாங்கள் மங்கி கேப்பை எடுத்துவிடுவோம். தீபாவளி விடியற்காலையில் ஃபட்கே ரோட்டில் புதுத்துணி போட்டுக்கொண்டு கூடுகிற கூட்டம் லேசாக ஒரு காற்று வீசினால் 'குலாபி தண்டி' என்று சிலிர்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பழக்கத்தில் ஒரு ஸ்வெட்டரும் ஒரு மஃப்ளரும் போதும் என்று வந்துவிட்டார். முதல் ராத்திரியே நாங்கள் தங்கிய வீட்டில் அவருக்கு மூன்று கம்பளி கொடுத்தார்கள். நாலாவதைக் கேட்க வெட்கப்பட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டார்.

பூம்பாறைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பு, ரோட்டோரம் ஒரு வியூ பாயிண்ட் இருக்கிறது. எல்லாக் காரும் அங்கே நிற்கும். கீழே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. சரிவு முழுக்கப் படிப்படியாய் வெட்டிய வயல்கள், நடுவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி நெருக்கமாய் வீடுகள், அதற்குள் கோவில். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. வந்தவர்கள் போட்டோ எடுக்கிறார்கள், மிளகாய்த்தூள் தடவிய சோளக்கருது வாங்குகிறார்கள், காருக்குள் ஏறி மன்னவனூருக்கோ திரும்பிக் கொடைக்கானலுக்கோ போய்விடுகிறார்கள். இருபது நிமிஷம் நின்றால் அதிகம். அந்த இருபது நிமிஷத்தில் பூம்பாறையைப் பார்த்தாயிற்று என்று பதிவு போட்டுவிடுகிறார்கள்.

என் கட்சி என்னவென்றால், பூம்பாறையைப் பார்க்க ஆகவே ஆகாத இடம் அந்த வியூ பாயிண்ட்தான். அங்கிருந்து பார்த்தால் குளிர் தெரியும், பச்சை தெரியும். அந்தக் குளிரை வைத்து ஒரு ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பது தெரியாது. அதற்கு இறங்கிப் போக வேண்டும்.

இறங்கினால் முதலில் வருவது வாசனை. பச்சைப் பூண்டின் காரமான வாசனையும் விறகுப் புகையும் கலந்து ஒன்று. சந்துகள் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டிய அகலம்தான். சந்து முழுக்கப் பூண்டுச் சருகு. காற்றடித்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் காலடியில் ஓடுகிறது. வெயில் விழுகிற திண்ணை எதுவோ அதில் பெண்கள் இருக்கிறார்கள், வெயில் நகர நகர அவர்களும் சாக்கை இழுத்துக்கொண்டு நகர்கிறார்கள். நாய்களும் அப்படித்தான்.

ஒரு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எழுபது வயதுக்குக் குறையாது. தலையில் துண்டைச் சுற்றி, சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருந்தார். இடது கையில் பூண்டை எடுக்கிறார், வலது கையில் சின்ன அரிவாள். தாளை ஒரு விரற்கடை விட்டு அறுக்கிறார், திருப்பி வேர்க்குச்சத்தை ஒரே சீவலில் எடுக்கிறார், கட்டைவிரலால் மேல் சருகை ஒரு தேய்ப்பு, மண் போய்விடுகிறது. கையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே செய்கிறார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"பாம்பேலேருந்தும்மா. பொறந்தது வத்தலக்குண்டு."

"பாம்பேல பூண்டு என்ன வெலைம்மா?"

அழகான ஊர், குளிர் எப்படி என்றெல்லாம் யாரும் என்னைக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள், இவர் மட்டுமல்ல, டீக்கடையிலும் கோவிலிலும் கூட. 2024 தொடக்கத்தில் நாடு முழுக்கப் பூண்டு கிலோ நானூறு ரூபாயைத் தாண்டிப் போனபோது டோம்பிவிலி பாஜி மார்க்கெட்டில் பல்லை எண்ணி வாங்கிய கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அந்த வருசம் வெலை இருந்துச்சு. வெலை இருக்கறப்ப வெளைச்சல் இருக்காது, வெளைச்சல் இருக்கறப்ப வெலை இருக்காது" என்றார். அப்புறம் ஒரு கட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "கழுத்தப் புடிச்சுப் பாருங்க. கெட்டியாக் காஞ்சிருக்கணும். மெத்துன்னு இருந்தா வாங்காதீங்க, யாரு குடுத்தாலும்" என்றார். ஊரில் இறங்கி ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கிடைத்த பாடம் இது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்ததில் கொடைக்கானலில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. அதே 2019-இல்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஒரே மலையின் அடியிலும் முடியிலும் ஒரே வருஷத்தில் ரெண்டு குறியீடு. பஞ்சாமிர்தத்துக்குப் பெரிய செய்தி வந்தது, பூண்டுக்கு ஓரமாக ஒரு பத்தி. நாற்றம் பிடித்த சரக்குக்கு எப்போதும் அப்படித்தான். எங்கள் மாமியார் இருந்தவரை டோம்பிவிலி வீட்டு அடுப்படியில் பூண்டுக்கு இடம் கிடையாது, பால்கனியில் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். அது வேறு கதை.

இந்தப் பூண்டுக்கும் குளிருக்கும் இருக்கிற உறவு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பூண்டு பல் பல்லாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்குக் குளிர் பட வேண்டும். குளிரே படாமல் வளர்ந்தால் பல் பிரியாமல் உருண்டையாக, ஒற்றைப் பல்லாக நின்றுவிடும். வடக்கே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மழைக்காலம் முடிந்து நட்டு, அங்கே வருகிற குளிர்காலத்தைப் பிடித்து, வெயில் ஏறும்போது அறுவடை செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு குளிர், ஒரு போகம். மேல்மலையில் குளிர் ஊரோடு குடியிருக்கிறது, வருஷத்தில் இரண்டு போகம் எடுக்கிறார்கள். பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டி, மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு வைக்கிறார்கள். பக்குவமாய் வைத்தால் ஒரு வருஷம் வரை கெடாது என்கிறார்கள். விதைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதனால் கையில் காசு இல்லாவிட்டாலும் விதைப்பூண்டைத் தொட மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் மலைப்பூண்டுக்கு வடக்கிலும் கிராக்கி இருக்கிறது, தின்பதற்கு அல்ல, நடுவதற்கு. நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும்போது மத்தியப் பிரதேசம், குஜராத் வியாபாரிகள் வந்து விதைக்காக மூட்டை மூட்டையாக எடுத்துப் போகிறார்கள். டோம்பிவிலியில் நம் பாஜிவாலா தராசில் போடுகிற இந்தூர் லசூணின் பாட்டி தமிழ்நாட்டு மலைக்காரியாக இருந்தாலும் இருக்கும். பூம்பாறைச் சரக்கு பெரும்பாலும் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிக்குப் போகிறது. கவிஞர் வைரமுத்துவின் ஊர் என்று நாம் அறிந்த அதே வடுகபட்டி, பூண்டு வியாபாரிகளுக்குப் பூண்டுச் சந்தை. விலையைத் தீர்மானிப்பது அந்தச் சந்தை, வாசலில் உட்கார்ந்து அறுக்கிற அந்த அம்மா இல்லை.

குளிர் சோறு போடுகிறது என்று எழுதிவிட்டுப் போனால் பாதிக் கதைதான். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மேகமில்லாத ராத்திரியில் தரையின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கிறவர்களைவிடப் பள்ளத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அடி. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஜிம்கானா மைதானத்திலும் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், டூரிஸ்ட்கள் செல்போனோடு ஓடுவார்கள். பூம்பாறைப் பள்ளத்தில் அதே வெள்ளை விழுந்தால் உருளைக்கிழங்கு இலை மறுநாளே கருகிவிடும், பீன்ஸ் சுருண்டுவிடும். பூண்டு தாக்குப்பிடிக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் காட்டுக்கு ஓடித் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

நாங்கள் தங்கிய வீட்டில் மருமகப்பெண் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து வெறுங்காலில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். "செருப்புப் போட்டுக்கக் கூடாதா கண்ணு" என்றதற்கு, "மரத்துப்போச்சுக்கா, ஒண்ணும் தெரியாது" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே நாலு கம்பளிக்குள் இருந்தார்.

கோவிலைச் சொல்லாமல் பூம்பாறையை முடிக்க முடியாது. குழந்தை வேலப்பர். பழனி மூலவரைப் போலவே இந்த முருகனையும் போகர் செய்தார் என்பது நம்பிக்கை, நிர்வாகமும் பழனிக் கோவிலைச் சேர்ந்தது. 'குழந்தை' என்ற பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அருணகிரிநாதர் இங்கே வந்து இரவு மண்டபத்தில் படுத்திருந்தபோது அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து அவர் மேல் விளையாடிக்கொண்டிருக்க, தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று எண்ணி அவள் போய்விட்டாளாம். குளிரில் போர்த்திக்கொண்டு படுத்தால் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாதுதான். மேல்மலையில் மட்டுமே உருவாகக் கூடிய கதை என்று எனக்குத் தோன்றியது.

தேரோட்டம் தை, மாசியை ஒட்டி வருகிறது. நாங்கள் போனபோது திருவிழா இல்லை, தேர் கூரை போட்டு நின்றது. ஆனால் கோவில் வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டிவிட்டார். இங்கே தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். தெரு அவ்வளவு சரிவு. மேலே ஏறும்போது முன்னால் இருப்பவர்கள் இழுப்பார்கள், இறங்கும்போது பின்னால் இருப்பவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள். "முன்னாடி இழுக்கறவன் பேரு வெளிய தெரியும். பின்னாடி புடிக்கறவன் விட்டான்னா தேர் வீட்டுக்குள்ள போயிரும்" என்றார். பின்வடம் பிடிப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமாம்.

பூம்பாறையைத் தாண்டினால் சாலை இன்னும் உள்ளே போகிறது. ஒரு கிளை கூக்கால் பக்கம், ஏரியும் மூடுபனியுமாக இருக்கிற ஊர். இன்னொன்று மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும். கிளாவரையோடு பஸ் நின்றுவிடும். அதற்கப்புறம் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம், வட்டவடை. அங்கேயும் பூண்டுதான், அங்கேயும் தமிழ்தான் பேசுகிறார்கள், மாநில எல்லை இடையில் இருக்கிறது. பேரிஜம் வழியாகக் கொடைக்கானலில் இருந்து மூணாறுக்கு ஒரு காலத்தில் சாலையே இருந்தது. இப்போது போக்குவரத்து கிடையாது, வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை மறுபடி திறக்க வேண்டுமென்று அவ்வப்போது குரல் எழும். திறந்தால் மூணாறு பக்கத்தில் வந்துவிடும் என்பது நிஜம். யானைக்கும் காட்டெருமைக்கும் என்னவாகும் என்பதும் நிஜம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்ட பிறகு அது லேசில் நடக்கிற காரியம் இல்லை. என்னைக் கேட்டால் மூடியே இருக்கட்டும்.

மன்னவனூரில் புல்வெளி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. சினிமாக்காரர்கள் விடுவார்களா, நிறையப் பாட்டு எடுத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே ஆச்சரியமாக இருந்தது ஆட்டுப் பண்ணை. மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், 1965-இலிருந்து இருக்கிறது. தலைமை நிலையம் எங்கே தெரியுமா? ராஜஸ்தான் அவிகாநகர். பாலைவன மாநிலத்தில் தலைமையகம், பனிக்காட்டில் கிளை. பாரத் மெரினோ என்கிற, நல்ல மெல்லிய கம்பளி தருகிற இனத்தை இங்கே வளர்க்கிறார்கள், முயல்களும் உண்டு. ரெண்டு சுற்றுலா பஸ் பிள்ளைகள் முயலைப் பார்த்துக் கத்திய கத்தலில் ஆடுகள் மறுபக்கம் போய்விட்டன.

இந்த வழியில் குண்டுபட்டி என்று ஒரு ஊர். அங்கே இருப்பவர்கள் பூர்வீகமாக மேல்மலைக்காரர்கள் இல்லை, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். தலைமுறைக்கணக்கில் ஒரு குளிர்மலையில் உழைத்து, 'உங்கள் நாடு இதில்லை' என்று சொல்லிக் கப்பலேற்றப்பட்டு, இன்னொரு குளிர்மலையில் வாட்டில் காட்டு வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மும்பையில் நம்மில் பலர் தாராவியிலும் செம்பூரிலும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். ஆனால் நாம் டிக்கெட் எடுத்து வந்தோம்.

வாட்டில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. வழியெல்லாம் பார்க்கிற பைன், தைலமரம், வாட்டில் எதுவுமே இந்த மலையின் சொந்த மரம் இல்லை. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் காகித ஆலைக்கும் என்று புல்வெளிகளில் நட்டு, இப்போது வாட்டில் தானே பரவி நிற்கிறது. வெறும் புல்தானே என்று நினைத்த இடம்தான் மழையைப் பிடித்து வைத்து வருஷம் முழுக்கக் கசியவிட்ட இடம். டோம்பிவிலியில் பெய்கிற மழை கொடைக்கானலில் பெய்வதைவிட அதிகம், ஆனால் நம் மழை நாலு மாதத்தில் ரோட்டில் ஓடி உல்லாஸ் ஆற்றில் விழுந்துவிடுகிறது. பைன் காட்டில் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். அதன் அடியில் ஒரு புல்கூட முளைக்காததைக் கவனித்தவர்கள் குறைவு. குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளிகளில்தான். கடைசியாக 2018-இல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி இனி 2030.

2030-க்கு எவ்வளவு கூட்டம் வருமோ தெரியவில்லை. இப்போதே தாங்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அதற்கும் மேல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்த புண்ணியத்தில் குணா குகைக்குக் கிடைத்த விளம்பரம் தனி. நகரத்தில் இடம் நிறைந்துபோன பிறகு இப்போது மேல்மலைப் பக்கம் கண் திரும்பியிருக்கிறது. பூண்டுக் காட்டுப் படிகளுக்கு நடுவே கண்ணாடிச் சுவரும் கூம்புக் கூரையுமாகத் தங்கும் அறைகள் முளைக்கின்றன. நிலத்தை விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகத்துக்குப் போகம் விலை ஏமாற்றுகிற ஒரு பயிரை நம்பி, அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ ஓட வேண்டிய ஊரில் இருந்துகொண்டு, ஒரே கையெழுத்தில் வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல அவர்கள் என்ன குழந்தை வேலப்பரா? ஆனால் அந்த அறைகளில் தங்குகிறவர்களைக் குறை சொல்வேன். பூண்டு நாற்றம் அடிக்கிறது என்று ஒரு விடுதிப் பக்கத்தில் ஒருத்தர் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். இ-பாஸ் முன்னாடியே எடுத்துவிடுங்கள், போனிலேயே முடிகிறது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பஸ் உண்டு, ஆனால் நம் லோக்கல் மாதிரி நாலு நிமிஷத்துக்கு ஒன்று என்று எதிர்பார்க்காதீர்கள். விட்டால் பாதி நாள் போச்சு. அங்கே இறங்கியதும் திரும்புகிற பஸ் நேரத்தை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், சுவரில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வாசலில் வேலை செய்கிற பெண்களை அனுமதி கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலோடு போகாதீர்கள், மலையடிவாரத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், நல்ல வேலை. உறைபனி பார்க்க வேண்டுமென்றால் பொங்கலை ஒட்டிய மேகமில்லாத நாள்.

பூண்டு வாங்கினால் உதிரியாக வாங்காமல் தாளோடு கட்டாக வாங்குங்கள், கழுத்தைப் பிடித்துப் பார்த்து. வியூ பாயிண்டில் விற்பதெல்லாம் மலைப்பூண்டு இல்லை, ஊருக்குள் இறங்கி வாங்குவதுதான் நிச்சயம். ரயிலில் ஏசி கோச்சில் கொண்டுவந்தால் சோலாப்பூர் தாண்டுவதற்குள் மொத்தப் பெட்டிக்கும் நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். எங்களுக்கு எதிரே உட்கார்ந்த புனே அம்மாள் முதலில் மூக்கைப் பிடித்தார், குர்டுவாடி வருவதற்குள் அரைக் கட்டு விலைக்குக் கேட்டார். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காற்றாடுகிற இடத்தில் தொங்கவிடுங்கள், ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். ஆனால் ஜூன் பத்து தேதிக்கு மேல் டோம்பிவிலிக் காற்றில் எந்தப் பூண்டும் தாங்காது, முளைவிடும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். நமக்கு விறகடுப்புப் புகையும் இல்லை. அதனால் மழைக்கு முன்னால் தீர்கிற அளவு மட்டும் வாங்குங்கள். மிஞ்சினால் உரித்து நல்லெண்ணெயில் வதக்கி, புளி, மிளகாய்த்தூள் போட்டுத் தொக்காகக் கிண்டி வைத்துவிடுங்கள், கணபதி வரைக்கும் வரும்.